கயிற்றின் விலை

கடற்கரைக்குப் போகிறவனை, "எதற்காக வந்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை. இப்படிக் கேள்வி முறை இல்லாமல் ஒரு மனிதன் போய் உட்காரக்கூடிய இடங்கள் உலகத்தில் மிகவும் குறைவு. ஹோட்டலுக்குப் போனால் ஒரு காபியாவது வாங்கியாக வேண்டும். நூல்நிலையத்துக்குப் போனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் வெறுமே உட்கார்ந்திருந்தால் போலீஸ்காரர் வந்து விசாரிப்பார். சமுத்திரக் கரையில் மட்டும் எந்தக் காரியமும் இல்லாமல் போகலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வேலை கிடைக்காத பையன், பெண்ணுக்கு வரன் அமையாத தகப்பனார், ஆபீஸில் திட்டு வாங்கிய குமாஸ்தா, புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லாரும் ஒரே மணலில் பத்தடி இடைவெளியில் உட்கார்ந்து ஒரே காற்றை வாங்குகிறார்கள். அந்தக் காற்றுக்கு ரசீது கிடையாது.

இந்த மணலில் ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்து, காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்து ஜனங்களுக்கு முன்னால் வந்தது. அவர்கள் கொடுத்த பதிலும், அந்தப் பதிலுக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்களும் நமக்கும் பிரயோஜனமானவை என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸிட்னிக்குக் கிழக்கே ஏழு கிலோ மீட்டர் தூரத்தில், சுமார் ஒரு கிலோ மீட்டர் நீளத்துக்கு, பிறை போல வளைந்து கிடக்கிறது அந்தக் கடற்கரை. நம் பத்திரிகைகள் அதன் பெயரைப் 'போண்டி' என்று எழுதுகின்றன. தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் சொல்லுவது 'பாண்டாய்' என்பதால் நானும் அப்படியே எழுதி விடுகிறேன். ஒரு வியாபாரக் கூட்டத்தார் அங்கே தனிக் க்ளப் ஒன்று நடத்தப் போவதாக அறிவித்தார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துக்குத் தெற்கேயுள்ள அழகான கரையின் பெயரை எடுத்து, 'அமால்ஃபி' என்று அதற்கு நாமகரணமும் செய்தார்கள். மணலில் ஒரு பகுதி கயிற்றால் வளைக்கப்படும். அதற்குள் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் இருக்கும். சாப்பாடும் மதுவும் பரிமாறப்படும். உடம்பு பிடித்து விடுவதற்கும் ஆள் உண்டு. கட்டணம் இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 80 ஆஸ்திரேலிய டாலர் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது.

ஊர் கொதித்தது. ஜனங்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். கடற்கரைக்குப் பொறுப்பான வேவர்லி நகரசபை, இது பொதுக் கடற்கரை, தனியாருக்கு இடம் கிடையாது என்ற நிலையை எடுத்தது. திட்டம் காகிதத்திலிருந்து மணலுக்கு இறங்கி வரவே இல்லை.

இத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் இம்மாதிரித் திட்டங்கள் ஓர் ஊரில் செத்தால் இன்னோர் ஊரில் பிறக்கும் சுபாவம் உடையவை. அவற்றுக்குத் துணையாக வரும் வாதங்கள் மட்டும் மாறுவதே இல்லை. ஆகவே திட்டத்தை விட்டுவிட்டு வாதங்களைப் பார்ப்பதுதான் நல்லது.

இந்தச் செய்தியைப் பற்றி நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். நியாயமான மனிதர்; யாரையும் ஏமாற்றியவர் அல்ல. "இதில் என்ன ஸார் தப்பு?" என்றார் அவர். "ஒரு கிலோ மீட்டர் மணலில் ஒரு சின்ன மூலை. அதுவும் நிரந்தரமாகவா கேட்கிறார்கள்? இரண்டாவது, சுத்தமான இடமும் நிழலும் வேண்டும் என்று நினைக்கிறவர்களும் மனிதர்கள்தானே? மூன்றாவது, ஜாதி பார்த்தா உள்ளே விடுகிறார்கள்? யார் காசு கொடுத்தாலும் போகலாம். ரயிலில் முதல் வகுப்பு இல்லையா? சினிமாக் கொட்டகையில் பால்கனி இல்லையா?"

கடற்கரையைக் கேட்டு வருகிறவர்கள் எந்தத் தேசத்தவரானாலும் இந்த மூன்றைத்தான் சொல்லுவார்கள்: சின்ன இடம், சௌகரியம், காசு கொடுத்தால் எல்லாருக்கும் உண்டு. மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன.

சௌகரியத்தை முதலில் எடுத்துக்கொள்ளுவோம். குடைக்கும் நாற்காலிக்கும் வாடகை வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. உலகத்தில் எத்தனையோ கடற்கரைகளில் ஒருவன் நாற்காலிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறான். வாடகைக்கு எடுத்தவர் நமக்குப் பக்கத்திலேயே அதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். நாம் மணலில் துண்டை விரிக்கிறோம். அவருக்கு முதுகு வலிக்காது, நமக்கு வலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கடற்கரை கடற்கரையாகவே இருக்கிறது.

பாண்டாய்க்கு வந்த திட்டத்திலிருந்து கயிற்றை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அதே குடை, அதே நாற்காலி, அதே சாப்பாடு. கயிறு இல்லை. நாலு பக்கமும் யார் வேண்டுமானாலும் வருகிறார்கள், போகிறார்கள். ஒரு குழந்தை மணல் வாளியோடு ஓடி வந்து காலடியில் கோட்டை கட்டுகிறது. இந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு 80 டாலர் கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ஒருவரும் வர மாட்டார்கள். அப்படியானால் அந்த 80 டாலரில் பெரும் பகுதி எதற்கு விலை? நாற்காலிக்கு அல்ல, சாப்பாட்டுக்கும் அல்ல. கயிற்றுக்குத்தான் விலை. கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள் உள்ளே வர முடியாது என்ற ஒரு விஷயத்துக்குத்தான் விலை. க்ளப்காரர்கள் விற்க வந்த சரக்கு, மற்ற ஜனங்கள் இல்லாமை. அந்தச் சரக்கைத் தயாரிக்க மற்ற ஜனங்களை அப்புறப்படுத்தியாக வேண்டும். அதற்காக அவர்களுக்கு ஒரு பைசாவும் கொடுப்பதாகத் திட்டத்தில் இல்லை.

ரயிலின் முதல் வகுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போது தெரியும். ரயிலை யாரோ பணம் போட்டுச் செய்தார்கள். முதல் வகுப்புப் பெட்டியைக் கூடுதலாகச் செய்து கோத்தார்கள். சினிமாக் கொட்டகையையும் ஒருவர் கட்டினார். கடற்கரையை யார் செய்தார்கள்? அங்கே ஒரு புதிய பெட்டியைச் செய்து கோக்க முடியாது. உள்ளே பத்தடி கூடினால் வெளியே பத்தடி குறைந்தே தீர வேண்டும்.

கோயிலில் ஸ்பெஷல் தரிசன டிக்கெட் வாங்கிப் பழகிய நமக்கு இது உறைப்பது சிரமம். நாமும் அந்த வரிசையில் நின்றிருக்கிறோம். பக்கத்துத் தர்ம தரிசன வரிசையிலிருந்து ஒரு கிழவி நம்மைப் பார்ப்பதை, பார்க்காதது போலப் பாவனை செய்திருக்கிறோம். நமக்கு அரை மணி மிச்சமானது அந்தக் கிழவிக்கு அரை மணி கூடியதால்தான். கணக்கு அங்கேயும் அதுவேதான்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இம்மாதிரித் திட்டங்களுக்கென்று வர்ணப் படங்கள் வரைந்து பத்திரிகைகளில் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். நீலக் கடல், வெள்ளைக் குடை, கையில் கண்ணாடித் தம்ளரோடு ஒரு யுவதி, தூரத்தில் ஒரு பாய்மரம். அந்தப் படத்தில் சுண்டல் விற்கிற பையன் இருக்க மாட்டான். வலை உலர்த்துகிறவன் இருக்க மாட்டான். முட்டி வலிக்கு மணலில் காலைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி இருக்க மாட்டாள். நாவலில் ஓர் ஆசிரியன் தனக்கு அசௌகரியமான பாத்திரங்களையெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே காணாமல் அடித்துவிட்டால், 'கதை பொய்' என்று விமரிசகர்கள் ஒரு பிடி பிடித்துவிடுவார்கள். சர்க்கார் ஆபீஸ்களில் இந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள் அப்படி ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

'க்ளப்' என்பதே தகாத வார்த்தை என்று நான் சொல்ல வரவில்லை. அதே பாண்டாயில் வேறொரு க்ளப் இருக்கிறது. 1907இல் ஆரம்பிக்கப்பட்டது, கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் தொண்டர்களின் சங்கம். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 6ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வீச்சில் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டன. சங்கத் தொண்டர்கள் தண்ணீரில் குதித்தார்கள். 5 பேர் இறந்து போனார்கள். 200க்கு மேற்பட்டவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர்களும் கயிறு வைத்திருந்தார்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போய், மூழ்குகிறவனைப் பிடித்துக்கொள்ள, கரையில் இருப்பவர்கள் இழுக்க வேண்டிய கயிறு அது. மூழ்குகிறவன் அங்கத்தினனா, சந்தா கட்டினவனா என்று பார்த்து அதை வீசவில்லை.

பாண்டாய் ஜனங்களின் கோபத்துக்குப் பழைய சரித்திரம் ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கரையும் சுற்றியிருந்த நிலமும் ஒரு தனி மனிதருடைய சொத்தாக இருந்தன. அவர் தாராளமாக ஜனங்களை உள்ளே விட்டார். கூட்டம் அதிகமானதும் இனி விட முடியாது என்று பயமுறுத்தினார். சர்க்கார் தலையிட வேண்டும் என்று நகரசபை வற்புறுத்தியது. 1882இல் கடற்கரை பொதுச் சொத்தாயிற்று. ஒருவருடைய தயவில் அனுபவிப்பதற்கும் உரிமையாக அனுபவிப்பதற்கும் உள்ள தூரம் அந்த ஊருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சுமார் 140 வருஷத்துக்குப் பிறகு வேறொரு பெயரில் அதே பழைய வாசற்கதவு வந்தபோது அடையாளம் கண்டுகொண்டார்கள்.

'சின்ன இடம்தானே' என்ற வாதம் மிச்சமிருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பாண்டாய்த் திட்டத்துக்கு எந்தத் தேசத்திலிருந்து பெயரை எடுத்தார்களோ, அந்த இத்தாலியையே போய்ப் பார்த்துவிடலாம்.

இத்தாலியிலும் கடற்கரை சர்க்காருடைய சொத்துத்தான். சட்டப்படி யாருக்கும் விற்க முடியாது. ஆனால் குத்தகைக்கு விடலாம். குத்தகைக்கு எடுத்தவர்கள் உடை மாற்றும் அறைகளைக் கட்டினார்கள். குடைகளை வரிசை வரிசையாக நட்டார்கள். தகப்பனாருக்குப் பிறகு பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறார்கள். இன்று அங்கே இப்படிப்பட்ட ஸ்தாபனங்கள் 12,000க்கு மேல் இருக்கின்றன. லெகாம்பியென்தே என்னும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டின் மணற்கரையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இவ்விதம் தனியார் கையில் இருக்கிறது. சில மாகாணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இலவச மணல் தேடிப் போகிறவனுக்குப் பெரும்பாலும் சாக்கடை வந்து விழும் மூலையோ, கல்லும் பாறையுமான இடமோதான் மிஞ்சும் என்று அந்த நாட்டுக்காரர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

ரோமாபுரிக்கு அருகில் ஆஸ்தியா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. கடலோரச் சாலைக்கு இத்தாலிய மொழியில் 'லுங்கோமாரே' என்று பெயர். 'மாரே' என்றால் கடல். ஆஸ்தியாவில் அந்தச் சாலையில் நடந்தால் மைல் கணக்கில் குத்தகைக்காரர்களின் மதில்தான் கண்ணில் படும். ஆகவே ஊர் ஜனங்கள் அதற்கு 'லுங்கோமூரோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'மூரோ' என்றால் சுவர். இரண்டு எழுத்தை மாற்றி ஒரு ஜன சமூகம் தன் வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டது.

இதெல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. எங்கேயும் ஆரம்பத்தில் ஒரு சின்ன மூலைதான். பிறகு பக்கத்திலிருக்கிறவன், 'அவனுக்குக் கொடுத்தாயே, எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்பான். சர்க்காரிடம் அதற்குப் பதில் இருக்காது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது இன்னும் கஷ்டம். 2006இல் ஐரோப்பிய யூனியன் ஒரு விதி செய்தது. இம்மாதிரிக் குத்தகைகளைப் பகிரங்க ஏலத்துக்கு விட வேண்டும் என்பது அதிலிருந்து வந்த நிர்ப்பந்தம். இத்தாலியில் மந்திரி சபைக்கு மேல் மந்திரி சபையாக வந்து தவணை கேட்டுக்கொண்டே போயின. 2021 நவம்பரில் அந்நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் 2023 முடிவுக்குள் பழைய குத்தகைகளுக்குத் தலை முழுக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பிறகும் 2024இல் மறுபடி தவணை. இம்முறை 2027 செப்டம்பர் வரை. தகப்பனார் காலத்துக் குத்தகை பிள்ளைக்குச் சொத்தாகவே தோன்றுகிறது. அவருக்கு ஓட்டும் இருக்கிறது. நிரந்தரமாகக் கேட்கவில்லையே என்று சொன்ன என் நண்பருக்கு இந்த இருபது வருஷத்து இழுபறியைப் பதிலாகச் சொன்னேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலும் கடற்கரையும் யாருடைய தனிச் சொத்தும் அல்ல என்ற சட்டத்தை எழுதி வைத்தவர்களும் ரோமானியர்கள்தாம். கி.பி. 533இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் ஆணையால் தொகுக்கப்பட்ட சட்ட நூல், காற்று, ஓடுகிற நீர், கடல், அதன் காரணமாகக் கடற்கரை ஆகியவை இயற்கை நியதிப்படி எல்லாருக்கும் பொது என்று சொல்லுகிறது. இந்தப் பழைய கொள்கையை நம் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் எடுத்து ஆண்டது. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதிக்கரையை ஓர் உல்லாச விடுதி தன் வசதிக்காக மாற்றியமைத்த வழக்கு அது. நதி, கடற்கரை, காடு போன்றவற்றுக்குச் சர்க்கார் தர்மகர்த்தாவே தவிர சொந்தக்காரர் அல்ல. தனியார் லாபத்துக்காக அவற்றைக் கைமாற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். தர்மகர்த்தா என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும். கோயில் நகையைத் தம் வீட்டுப் பெண்ணுக்குப் பூட்டி அழகு பார்த்த தர்மகர்த்தாக்களைப் பற்றியும் நமக்குத் தெரியும்.

அந்தச் சந்தேகத்துக்கு ஏற்ற கதை கோவாவில் நடந்தது. தோனா பாவ்லாவுக்கு அருகே வைங்கினிம் என்று ஒரு சிறு கடற்கரை. அதையொட்டி ஒரு நட்சத்திர ஹோட்டல். அதன் விஸ்தரிப்புக்காகச் சர்க்கார் நிலம் எடுத்துக் கொடுத்தது. 1983இல் எழுதிய ஒப்பந்தத்தில், ஜனங்கள் கடற்கரைக்குப் போகும் வழியை மறிக்கக் கூடாது என்று நிபந்தனையும் எழுதப்பட்டது. பிறகு கட்டடம் வளர்ந்தது, வழி போயிற்று. ஊரார் சிலர் விடாமல் வழக்காடினார்கள். 2000இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், வழியைத் திறக்க வேண்டும், வழிக்குக் குறுக்கே நிற்கும் பகுதியை இடிக்க வேண்டும் என்று உறுதி செய்தது. தர்மகர்த்தாக் கொள்கையை விஸ்தாரமாக எடுத்துச் சொன்ன தீர்ப்புகளில் அது ஒன்று. அதே வருஷத்தில் கோவா சர்க்கார் சட்டத்தையே திருத்திக் கட்டடத்தை இடிபடாமல் காப்பாற்றிவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், இரண்டு நீதிமன்றங்கள் சொல்லியும், கடைசியில் கட்டடம் நின்றது. 'ஜனங்கள் போகவர வழி விடப்படும்' என்று எந்தத் திட்டத்திலாவது படித்தால் எனக்கு வைங்கினிம் ஞாபகம் வருகிறது.

இனி நம்முடைய மெரினாவுக்கு வருவோம். இந்தப் பெயரும் இத்தாலிச் சரக்குத்தான். 1881 முதல் 1886 வரை சென்னைக் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், கடலோரத்தில் உலாவும் பாதை அமைத்து, ஸிஸிலித் தீவின் பலெர்மோ நகரத்தை நினைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். நல்ல வேளை, பெயர் மட்டும் கப்பலேறி வந்தது; குத்தகைக் குடைகள் வரவில்லை. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, உலகத்து நகரங்களில் அபூர்வமான ஒரு வெளி நமக்குக் கிடைத்தது. திலகர் கட்டத்தில் தேச பக்தர்கள் பேசியது அந்த மணலில். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் இரவும் பகலும் உட்கார்ந்ததும் அந்த மணலில். மைதானம் வாடகைக்கு எடுத்தா கூடினார்கள்? மணல் எல்லாருடையதாக இருந்ததால் கூடினார்கள்.

ஆனால் நம் யோக்யதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காக மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் புறப்பட்டார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2003இல் மலேசிய ஸ்தாபனம் ஒன்றின் உதவியோடு மெரினாவிலிருந்து தெற்கே கடற்கரையையே மாற்றியமைக்கும் யோசனை பிறந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. இந்த யோசனைகளெல்லாம் எங்கிருந்து பிறக்கின்றன? வியாபாரிகளின் மூளையிலிருந்து மட்டுமா? 'மீன் நாற்றம் தாங்கவில்லை', 'சுண்டல்காரப் பையன்கள் தொந்தரவு', 'கண்டவர்களெல்லாம் வந்து உட்காருகிறார்கள்' என்று சலித்துக்கொள்ளுவது நாம்தான். பத்திரிகை படிக்கிற, மாதச் சம்பளம் வாங்குகிற, ஞாயிற்றுக்கிழமை மாலை குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகிற நாம்தான். அந்தச் சலிப்பைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறவன் ஒரு நாள் கயிற்றோடு வருகிறான். முதலில் மீனவனை வெளியே நிறுத்துகிறான். அப்போது நமக்குக் கயிறு தெரிவதில்லை. கடற்கரை சுத்தமாயிருப்பதுதான் தெரிகிறது. பிறகு கட்டணப் பலகையை மாட்டுகிறான். அதைப் படித்த பிறகுதான், நாமும் வெளியே நிற்கிறோம் என்பது தெரிகிறது.

மீனவனுக்கு அந்த மணல் உல்லாசம் அல்ல. அவனுக்கு அது தொழிற்சாலை, களத்துமேடு, வீட்டு முற்றம் எல்லாம். அவன் அங்கே இருப்பதாலேயே கடற்கரை பொதுவாக இருக்கிறது என்று கூடச் சொல்லலாம். யாரும் புழங்காத மணலைக் காலி மனை என்று காட்டுவது எளிது. வலை காய்கிற மணலை அப்படிக் காட்ட முடியாது.

கடற்கரை நிலத்துக்கு நம் வருவாய்க் கணக்கில் 'புறம்போக்கு' என்று பெயர். தீர்வை விதிக்கப்பட்ட நிலத்துக்குப் புறம்பானது. யாருக்கும் பட்டா கிடையாது. ஆகையால் எல்லாருக்கும் பொது. ஏரிக்கரை, மந்தைவெளி, சுடுகாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். இந்த அருமையான சொல்லை நாம் இப்போது என்ன செய்து வைத்திருக்கிறோம்? ஒரு மனிதனைத் திட்ட வேண்டுமானால், 'புறம்போக்கு' என்கிறோம். விலை போகாதது எதற்கும் பிரயோஜனமில்லாதது என்ற எண்ணம் நம் நாக்கு வரையில் வந்துவிட்டது.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் தைரியம் சொல்லுவார்கள். இருக்கிறது. 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அலை எட்டும் உயர்ந்த எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்று அது வரையறுத்தது. அதன் பிறகு பல திருத்தங்கள். 2011இல் ஒரு புதிய அறிவிக்கை, 2019இல் இன்னொன்று. கடைசியாக வந்ததில், கடற்கரையிலேயே தற்காலிகமான உல்லாசப் பிரயாண வசதிகளை அமைக்கலாம் என்று இடம் வைத்திருக்கிறார்கள். அலை எல்லைக்கும் அவற்றுக்கும் நடுவே 10 மீட்டர் இருந்தால் போதுமாம். கழிப்பிடமும் உடை மாற்றும் அறையும் வேண்டியவைதான்; யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு இத்தாலியில் எத்தனை தலைமுறை ஆயுள் என்பதைப் பார்த்தோம்.

நாளைக்கு நம் ஊரில் எந்தக் கடற்கரைக்காவது ஒரு திட்டம் வரத்தான் போகிறது. அழகான படத்தோடு வரும். வேலை வாய்ப்பு, சுத்தம், அந்நியச் செலாவணி என்று பேசும். அப்போது நாம் பெரிய சட்ட நிபுணர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சில சாதாரணக் கேள்விகள் போதும். இந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? திட்டம் வந்த பிறகு அவர்கள் எங்கே இருப்பார்கள்? கையில் காலணா இல்லாதவன் இன்றைக்குப் போவது போல அன்றைக்கும் தண்ணீர் வரையில் போக முடியுமா? குத்தகை முடியும் நாள் எது? அன்றைக்குக் காலி செய்யாவிட்டால் யார் காலி செய்ய வைப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, கயிறு எதற்கு? குடையும் நாற்காலியும் கொடுப்பதுதான் நோக்கமானால் கயிறு இல்லாமலே கொடுக்கலாமே?

கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வந்தால் திட்டத்தை நானே ஆதரிக்கத் தயார். இதுவரை எந்த ஊரிலும் வந்ததாகத் தெரியவில்லை. என் நண்பரிடமும் அதைத்தான் கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்தார். "கயிறு இல்லாவிட்டால் அப்புறம் அது க்ளப்பே இல்லையே, ஸார்!" என்றார்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். பாண்டாய் ஜனங்களும் வேறெதையும் சொல்லவில்லை.